பழைய பிரிட்டிஷ் பேய்ப்பட ட்ரெய்லர் சேக்கறது எப்படி: டேப்பு, டிஸ்க்கு, அப்புறம் அந்த எக்ஸ் கார்டு

பேய்ப்படம் சேக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க, பேய்ப்பட ட்ரெய்லர் சேக்கறவங்க கம்மி, அதுலயும் 1955-லேருந்து 1976 வரைக்கும் இங்கிலாந்துல எடுத்த படங்களோட ட்ரெய்லரை மட்டும் தேடறவங்க ரொம்பவே கம்மி. அதனாலதான் இதுல இன்னும் கட்டுப்படியாகற விலைக்கு சரக்கு கிடைக்குது. இப்பவே ஆரம்பிக்கலாம், லேட் ஆகல.

யூடியூப்ல எல்லாமே கிடக்குதே, எதுக்கு காசு குடுத்து டேப்பு வாங்கணும்னு கேப்பீங்க. அங்க இருக்கறதுல பாதிக்கு மேல காப்பியோட காப்பி, ஆரம்பத்துல வர சென்சார் சர்டிபிகேட் கார்டை வெட்டிருப்பாங்க, கடைசில வர டிஸ்ட்ரிப்யூட்டர் பேரையும் வெட்டிருப்பாங்க, அது இங்கிலாந்து தியேட்டர்ல ஓடினதா அமெரிக்காவுல ஓடினதான்னே தெரியாது. சும்மா பாக்கணும்னா அது போதும். சேக்கணும்னா போதாது, ஏன்னா இந்த ஆட்டத்துல நாம சேக்கறது படத்தோட பேரை இல்ல, வெர்ஷனை. ஹாமர் கம்பெனியோட 1958 ட்ராகுலா இங்கிலாந்துல வெறும் ட்ராகுலா, அமெரிக்காவுல ஹாரர் ஆஃப் ட்ராகுலா. டைட்டில் வேற, விக்கற விதம் வேற, அப்ப அது ரெண்டு தனித்தனி ட்ரெய்லர். ஒண்ணு கையில இருக்குங்கறதுக்காக இன்னொண்ணை விட்டுறக்கூடாது.

முதல்ல வட்டத்தை சின்னதா போட்டுக்கோங்க. ஹாமர்ல ஆரம்பிக்கறதுதான் எல்லாரும் பண்றது, தப்பில்ல. வின்ட்ஸர் பக்கத்துல ப்ரே ஸ்டுடியோவுல இருந்துக்கிட்டு 1957-ல தி கர்ஸ் ஆஃப் ஃப்ராங்கன்ஸ்டைன் எடுத்து, டைரக்டர் டெரன்ஸ் ஃபிஷர், நடிகருங்க பீட்டர் குஷிங், கிறிஸ்டோபர் லீ, இந்த கூட்டணியை வச்சு உலகத்தையே ஒரு கலக்கு கலக்கினாங்க. அடுத்தது அமிகஸ். படம் எடுத்தது இங்கிலாந்துல, ஷெப்பர்ட்டன் ஸ்டுடியோவுல, ஆனா கம்பெனி நடத்தினது மில்டன் சுபோட்ஸ்கி, மேக்ஸ் ரோஸன்பர்க்னு ரெண்டு அமெரிக்கர்கள். அவங்க ஸ்பெஷாலிட்டி ஒரே படத்துல நாலஞ்சு குட்டிக்கதை வைக்கறது, 1965 டாக்டர் டெரர்ஸ் ஹவுஸ் ஆஃப் ஹாரர்ஸ், 1972 டேல்ஸ் ஃப்ரம் தி க்ரிப்ட் எல்லாம் அப்படித்தான். என்னைக் கேட்டா ட்ரெய்லர்னு எடுத்துக்கிட்டா ஹாமரை விட அமிகஸ்தான் ஒரு படி மேல, ஒவ்வொரு கதையிலேருந்தும் உச்சக்கட்டத்தை மட்டும் பிச்சு எடுத்து ரெண்டரை நிமிஷத்துல அடுக்கலாம்ல, இழுவையே இருக்காது. அப்புறம் டோனி டென்ஸரோட டைகன், விட்ச்ஃபைண்டர் ஜெனரல் 1968, ப்ளட் ஆன் சேட்டன்ஸ் க்ளா 1971. ஆங்லோ அமால்கமேட்டட்னு ஒண்ணு, ஹாரர்ஸ் ஆஃப் தி ப்ளாக் மியூசியம் 1959, அடுத்த வருஷமே சர்க்கஸ் ஆஃப் ஹாரர்ஸும் பீப்பிங் டாமும். ஒரு கம்பெனியை எடுத்து முடிங்க, அப்புறம் அடுத்ததுக்கு போங்க. எல்லாத்தையும் ஒரே நேரத்துல அள்ள நினைச்சா அலமாரி நிறையும், கலெக்‌ஷன்னு சொல்லிக்க ஒண்ணும் தேறாது.

வெர்ஷனை கண்டுபிடிக்கறது எப்படி

இதுதான் இந்த ஹாபியோட உயிர்நாடி, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

இங்கிலாந்துல படத்துக்கு மட்டும் இல்ல, ட்ரெய்லருக்கும் தனியா பிபிஎஃப்சிங்கற அந்த ஊரு சென்சார் போர்டு பாத்து சர்டிபிகேட் குடுக்கும். தியேட்டர்ல ஓடின ட்ரெய்லர் அந்த கார்டோடதான் ஆரம்பிக்கும். எக்ஸ் சர்டிபிகேட் வந்தது 1951-ல, அப்ப 16 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு அனுமதி இல்ல. 1970-ல அதை 18 ஆக்கினாங்க, கூடவே 14 வயசுக்கு மேலன்னு ஏஏ ஒண்ணு புதுசா வந்துச்சு. 1982-ல எக்ஸ், ஏஏ ரெண்டையும் தூக்கிட்டு 18, 15-ன்னு மாத்திட்டாங்க. இந்த மூணு வருஷத்தை மனசுல வச்சுக்கிட்டா கார்டைப் பாத்தே காலத்தை சொல்லிடலாம். ஏஏ கார்டு இருந்தா 1970-க்கும் 1982-க்கும் நடுவுல வந்த பிரிண்ட், வேற வாய்ப்பே இல்ல. 1958 படத்து ட்ரெய்லர் முன்னாடி ஏஏ இருந்தா மறுபடி ரிலீஸ் பண்ணப்ப வெட்டினது, இல்லேன்னா யாரோ வேற ட்ரெய்லரோட கார்டை எடுத்து ஒட்டிருக்காங்க. ரெண்டாவது கேஸும் நடக்கும், கார்டு முடிஞ்சு படம் ஆரம்பிக்கற இடத்துல கலரும் கிரெயினும் சட்டுன்னு மாறுதான்னு பாருங்க.

இந்த எக்ஸ் மேல ஹாமருக்கு ஒரு தனி பாசம். 1955-ல குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட் எடுத்தப்ப டைட்டில்ல எக்ஸ்பெரிமென்ட்ங்கற வார்த்தையோட முதல் எழுத்தை (E) தூக்கிட்டு அந்த வார்த்தை எக்ஸ்-லயே (X) ஆரம்பிக்கற மாதிரி எழுதினாங்க. பெரியவங்களுக்கு மட்டும்னு சென்சார் போர்டு சொன்னதையே விளம்பரமா ஆக்கிட்டாங்க. அதே படம் அமெரிக்கா போனப்ப தி க்ரீப்பிங் அன்நோன்.

அமெரிக்க ட்ரெய்லர்ல பிபிஎஃப்சி கார்டு இருக்காது. அங்க ரேட்டிங் முறையே 1968 நவம்பர்லதான் வந்துச்சு, ஜி, எம், ஆர், எக்ஸ்னு. அந்த எம் 1970-ல ஜிபி ஆச்சு, 1972-ல பிஜி ஆச்சு. அதனால ஜிபி போட்ட ட்ரெய்லர் கிடைச்சா வருஷத்தை பத்தி யோசிக்கவே வேணாம், ரெண்டே வருஷ ஜன்னல்தான். 1968-க்கு முந்தின அமெரிக்க ட்ரெய்லர்ல ரேட்டிங் எதுவும் இருக்காது, அங்க கடைசி ஃப்ரேம்ல வர கம்பெனி பேரைத்தான் பாக்கணும். வார்னர் பிரதர்ஸா, யுனிவர்சலா, கொலம்பியாவா, ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸா, அமெரிக்கன் இன்டர்நேஷனலான்னு. இங்கிலாந்து பக்கம்னா வார்னர்-பாத்தே, ராங்க், பிரிட்டிஷ் லயன், எம்ஜிஎம்-ஈஎம்ஐ மாதிரி பேர் வரும்.

இன்னொரு குறிப்பு, அமெரிக்காவுல மட்டும் சேத்த தமாஷ். ஹாரர்ஸ் ஆஃப் தி ப்ளாக் மியூசியம் அங்க போனப்ப ஹிப்னோவிஸ்டான்னு ஒரு பேரை வச்சு, படத்துக்கு முன்னாடி ஒரு ஹிப்னாடிஸ்ட் வந்து பேசற மாதிரி ஒரு துண்டை ஒட்டினாங்க. இங்கிலாந்துல அது கிடையாது. அதனால ட்ரெய்லர்ல அந்த பேரு வந்தா அமெரிக்க வெர்ஷன்னு கண்ணை மூடிக்கிட்டு எழுதிக்கலாம்.

பேரு மாறின லிஸ்டை மனப்பாடம் பண்ணாம தேட உக்காராதீங்க, ஏன்னா விக்கறவனுக்கு தெரிஞ்ச பேர்லதான் அவன் போடுவான். நைட் ஆஃப் தி டீமன் 1957, அமெரிக்காவுல கர்ஸ் ஆஃப் தி டீமன், அதுலயும் படத்தையே பத்து நிமிஷத்துக்கு மேல வெட்டிதான் ஓட்டினாங்க. சிட்டி ஆஃப் தி டெட் 1960, அங்க ஹாரர் ஹோட்டல். டேஸ்ட் ஆஃப் ஃபியர் 1961, அங்க ஸ்க்ரீம் ஆஃப் ஃபியர். நைட் ஆஃப் தி ஈகிள் 1962, அங்க பர்ன் விட்ச் பர்ன். கேப்டன் க்ளெக், அதே வருஷம், அங்க நைட் க்ரீச்சர்ஸ். குவாட்டர்மாஸ் அண்ட் தி பிட் 1967, அங்க ஃபைவ் மில்லியன் இயர்ஸ் டு எர்த். தி டெவில் ரைட்ஸ் அவுட் 1968, அங்க தி டெவில்ஸ் ப்ரைட், வெஸ்டர்ன் படம்னு ஜனங்க நினைச்சுருவாங்கன்னு பயம்னு ஒரு கதை சொல்வாங்க. விட்ச்ஃபைண்டர் ஜெனரல் அங்க தி காங்கரர் வோர்ம், எட்கர் ஆலன் போ கவிதைக்கும் இந்த படத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, ஆனா வின்சென்ட் பிரைஸ் இருக்காரு, போ பேரு இருந்தா படம் ஓடும், வச்சுட்டாங்க. ஒவ்வொரு படத்தையும் ரெண்டு பேர்லயும் தேடுங்க. எழுத்துப்பிழையோடயும் தேடுங்க, தப்பா எழுதி போட்ட சரக்குதான் மலிவா போகும்.

டபுள் பில் ட்ரெய்லர்னு ஒரு ஜாதி இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது. ஹாமர் ரெண்டு படத்தை ஜோடி போட்டு ஒரே டிக்கெட்ல விடுவாங்க. 1966-ல ட்ராகுலா பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ், ப்ளேக் ஆஃப் தி ஜாம்பீஸ் ஒரு ஜோடி. அமெரிக்காவுல இதுக்கு விளம்பரமே என்னன்னா பசங்களுக்கு ட்ராகுலா பல்லு ஃப்ரீ, பொண்ணுங்களுக்கு ஜாம்பி கண்ணு ஃப்ரீ. அதே வருஷம் ரஸ்புட்டின், தி ரெப்டைல் ஜோடிக்கு ஒட்டுத்தாடி குடுத்தாங்க. 1971-ல டாக்டர் ஜெகில் அண்ட் சிஸ்டர் ஹைட் கூட ப்ளட் ஃப்ரம் தி மம்மீஸ் டூம்ப். இந்த மாதிரி ஜோடி ட்ரெய்லர் ரெண்டு படத்துல எந்த படத்தோட டிஸ்க்ல இருக்கும்னு சொல்ல முடியாது, ரெண்டு டிஸ்க்கோட எக்ஸ்ட்ராஸ் லிஸ்டையும் பாத்துட்டு வாங்குங்க.

ட்ரெய்லர் எங்கெங்க ஒளிஞ்சிருக்கும்

மலிவான இடம் டிவிடிதான். 1990-கள் கடைசில ஆங்கர் பே கம்பெனி அமெரிக்காவுல ஹாமர் கலெக்‌ஷன்னு வரிசையா விட்டாங்க, நிறைய டிஸ்க்ல ட்ரெய்லர் இருக்கும், கூடவே வேர்ல்ட் ஆஃப் ஹாமர்னு ஆலிவர் ரீட் குரல்ல வந்த டிவி சீரிஸோட எபிசோடும் போனஸா இருக்கும். இன்னிக்கு ப்ளூரேல இண்டிகேட்டர் லேபிள், 2017-லேருந்து ஹாமர் பாக்ஸ் செட்டா விடறாங்க, எக்ஸ்ட்ராஸ்ல கஞ்சத்தனமே இல்ல. அமெரிக்காவுல ஸ்க்ரீம் ஃபேக்டரி. எட்டு படம் ஒரே பாக்ஸ்ல அடிமாட்டு விலைக்குன்னு வர செட்டை பாத்து ஆசைப்படாதீங்க, படம் பாக்க அது ஓகே, ட்ரெய்லர் இருக்கவே இருக்காது பெரும்பாலும். டிஸ்க்ல வர ட்ரெய்லர்ல ஒரு சிக்கல் என்னன்னா, பிரிட்டிஷ் படம், பிரிட்டிஷ் லேபிளா இருந்தாலும் உள்ள இருக்கறது அமெரிக்க ட்ரெய்லரா இருக்கும், ஏன்னா அவங்க கைக்கு கிடைச்சது அதுதான். எக்ஸ் கார்டோட ஒரிஜினல் பிரிட்டிஷ் ட்ரெய்லருக்கு இவ்வளவு மவுசு இருக்கறதே இதனாலதான்.

அடுத்தது வீடியோ கேசட். இங்கதான் வேட்டை நல்லா இருக்கும். இங்கிலாந்துல விஎச்எஸ் வந்தது 1978-ல. அப்புறம் ஒரு ஆறேழு வருஷத்துக்கு வீடியோவுக்கு சென்சாரே கிடையாது, யார் வேணா எதை வேணா டேப்புல போட்டு விடலாம். 1984-ல வீடியோ ரெக்கார்டிங்ஸ் சட்டம் வந்துச்சு, 1985 செப்டம்பர்லேருந்து படிப்படியா அமலுக்கு வந்துச்சு, அதுக்கப்புறம் பிபிஎஃப்சியோட சர்டிபிகேட் வட்டம் இல்லாம டேப்பு விக்கக்கூடாது. சட்டத்துக்கு முன்னாடி வந்த டேப்பைத்தான் ப்ரீ-செர்ட்னு சொல்றாங்க, கலெக்டர்கள் அதுக்காக அடிச்சுக்கறாங்க. (இதுல ஒரு கூத்து, அந்த சட்டத்தை ஐரோப்பிய கமிஷனுக்கு முறைப்படி தெரிவிக்கவே இல்லன்னு 2009-ல, கால் நூற்றாண்டு கழிச்சு கண்டுபிடிச்சாங்க, அவசர அவசரமா 2010-ல மறுபடி பாஸ் பண்ணாங்க.)

ஆனா விலை ஏறிப்போன ப்ரீ-செர்ட் எல்லாம் வழக்கு போடலாம்னு இங்கிலாந்து அரசு வக்கீல் ஆபீஸ் குறிச்சு வச்சு, வீடியோ நாஸ்டீஸ்னு பேர் வாங்கின 72 படத்து லிஸ்ட், அது முக்கால்வாசி அமெரிக்க, இத்தாலிய ரத்தக்களரி. கோட்டை, மெழுகுவத்தி, சவப்பெட்டின்னு ஓடற ஹாமர் படம் எதுவும் அந்த லிஸ்ட்ல கிடையாது. நமக்கு நல்லதாப் போச்சு, கூட்டம் அந்த பக்கம் ஓடட்டும்.

நாம தேட வேண்டியது, வாடகைக்கு விட்ட பழைய டேப்பு. வாடகை டேப்புல படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அதே கம்பெனியோட மத்த படங்களுக்கு ட்ரெய்லர் போடுவாங்க. கவர்ல இதை பத்தி ஒரு வார்த்தை இருக்காது. அதனால நீங்க ஹாமர் ட்ரெய்லருக்காக வாங்க வேண்டிய டேப்பு ஹாமர் படமாவே இருக்கணும்னு இல்ல, அதே லேபிள் அதே வருஷம் விட்ட ஏதோ ஒரு மொக்கை படத்து டேப்புல இருக்கலாம், அது ரெண்டு பவுண்டுக்கு கிடக்கும். லேபிளையும் வருஷத்தையும் வச்சு யோசிங்க, படத்தை வச்சு யோசிக்காதீங்க. விக்கறவங்ககிட்ட நேரா கேளுங்க, முதல் அஞ்சு நிமிஷத்தை போன்ல எடுத்து அனுப்ப முடியுமான்னு, பாதி பேர் அனுப்பிருவாங்க. டேப்பு கைக்கு வந்ததும் எண்ட் கிரெடிட்ஸ் முடிஞ்ச உடனே நிறுத்தாதீங்க, கடைசி வரைக்கும் ஓட விடுங்க, சில டேப்புல படத்துக்கு பின்னாடிதான் ட்ரெய்லர் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. வாடகை டேப்புல வர ட்ரெய்லர் சிலது தியேட்டர் ட்ரெய்லர் இல்ல, வீடியோ கம்பெனியே படத்துலேருந்து வெட்டி 80-களோட வீடியோ எழுத்து போட்டு புதுசா குரல் குடுத்து பண்ணது. சேக்கலாம், ஆனா தனி பெட்டியில வைங்க, தியேட்டர் ட்ரெய்லர்னு எழுதிடாதீங்க.

ட்ரெய்லர் மட்டுமே தொகுத்து விட்ட கலெக்‌ஷன்களும் உண்டு. ஸினாப்ஸ் கம்பெனியோட 42-ண்ட் ஸ்ட்ரீட் ஃபாரெவர் வரிசை, கராஜ்ஹவுஸ் கம்பெனி 35 எம்எம் பிரிண்ட்லேருந்து ஸ்கேன் பண்ணி விட்ட ட்ரெய்லர் ட்ராமா. எல்லாம் அமெரிக்க பார்வை, பிரிட்டிஷ் படம் அங்கங்க தலைகாட்டும், அதுவும் அமெரிக்க வெர்ஷன்லதான். பொழுதுபோக்குக்கு வாங்கலாம்.

லேசர் டிஸ்க் பெருசா வேணாம்னுதான் சொல்வேன், இங்கிலாந்துல அது ஓடவே இல்ல, ப்ளேயர் கிடைக்கறது கஷ்டம், கிடைச்ச டிஸ்க்ல ராட் (உள்ள இருக்கற உலோகப் பூச்சு அரிச்சுப்போறது) வந்து திரை முழுக்க புள்ளி புள்ளியா இருக்கும்.

சூப்பர் 8 (வீட்டுல ப்ரொஜெக்டர் வச்சு ஓட்டற சின்ன அகல ஃபிலிம்) பத்தி சொல்லாம விட முடியாது, ஏன்னா வீட்டுல படம் பாக்கறதுங்கறது டேப்போட ஆரம்பிக்கல. மேற்கு மிட்லேண்ட்ஸ்ல டட்லி ஊர்ல டெரான்னு ஒரு கம்பெனி, 2011-ல மூடற வரைக்கும் சூப்பர் 8-ல படமும் ட்ரெய்லரும் பிரிண்ட் போட்டு வித்தாங்க. கணக்கு என்ன அழகா அமையுது பாருங்க: சூப்பர் 8-ல ஒரு அடிக்கு 72 ஃப்ரேம், 50 அடி ரீல்ல 3600 ஃப்ரேம், செகண்டுக்கு 24 வீதம் ஓட்டினா சரியா ரெண்டரை நிமிஷம். ஒரு ட்ரெய்லர், ஒரு குட்டி ரீல். இதே ட்ரெய்லர் தியேட்டரோட 35 எம்எம்ல 225 அடி. ரீல் டப்பாவை திறந்ததும் வினிகர் வாடை அடிச்சா ஃபிலிமோட அசிடேட் அழுக ஆரம்பிச்சுருச்சுன்னு அர்த்தம், அந்த ரீலை மத்த ரீல் பக்கத்துல வைக்கவே வைக்காதீங்க, அந்த அமில ஆவி பக்கத்து ரீலையும் கெடுக்கும். படம் முழுக்க ரோஸ் கலரா தெரிஞ்சா ஈஸ்ட்மேன்கலர் சாயம் போயிருச்சு, அதுக்கு மருந்து கிடையாது, ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல கொஞ்சம் தேத்தலாம் அவ்வளவுதான். டெக்னிகலர் சாய முறையில போட்ட பிரிண்ட் அப்படி மங்காது, அதுக்கு தனி விலை. டேப்புல ரோஸா ஒரு ட்ரெய்லர் வந்தா உங்க டெக்கை திட்டாதீங்க, அவங்க டேப்புக்கு மாத்தின பிரிண்ட்டே அப்படி.

வாங்கறப்ப என்ன பாக்கணும்

டேப்போட ஜன்னல் வழியா டார்ச் அடிச்சு பாருங்க, இல்லேன்னா அப்படி ஒரு போட்டோ கேளுங்க. சுத்தி இருக்கற டேப்பு மேல வெள்ளைப் பொடி மாதிரி, வலை மாதிரி ஏதாவது தெரிஞ்சா பூஞ்சை. அந்த டேப்பை டெக்குல போட்டா டெக்கும் போச்சு, அதுக்கப்புறம் போடற நல்ல டேப்பும் போச்சு. அபூர்வ டேப்பா இருந்தா, சுத்தம் பண்ணத் தெரிஞ்சவங்ககிட்ட மட்டும் குடுங்க. கவரும் கேசட் மேல ஒட்டின லேபிளும் ஒரே கம்பெனியா, ஒரே நம்பரான்னு ஒப்பிட்டு பாருங்க, கவரை கலர் ஜெராக்ஸ் எடுத்து வேற டேப்பை உள்ள போட்டு ப்ரீ-செர்ட்னு விக்கற ஆளுங்க இருக்காங்க. கவர்ல பிபிஎஃப்சியோட வீடியோ சர்டிபிகேட் வட்டம் இருந்தா அது பெரும்பாலும் ப்ரீ-செர்ட் இல்ல. வாங்கின உடனே பின்னாடி இருக்கற ரெக்கார்டிங் டேப் (ரெக்கார்ட் பண்ண விடற குட்டி பிளாஸ்டிக் துண்டு) உடைஞ்சிருக்கான்னு பாத்துக்கோங்க, உடையாம இருந்தா உடைச்சு விடுங்க, தெரியாம ரெக்கார்ட் பட்டனை அழுத்தினா போச்சு.

வைக்கறது புத்தகம் மாதிரி நிக்க வைங்க, படுக்க வைக்காதீங்க, ஃபுல்லா ரீவைண்ட் பண்ணி வைங்க. சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் மாதிரி கடலோர ஊர்ல இருக்கறவங்களுக்கு முதல் எதிரி வெயில் இல்ல, ஈரம். மூடற பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு, 40 சதவீதம் பக்கத்துல ஈரப்பதம் இருக்கற மாதிரி பாத்துக்கோங்க, ஜெல் நிறம் மாறினா மாத்துங்க. கூரியர்ல எக்ஸ்ரே அடிச்சா டேப்பு அழிஞ்சிடுமான்னு பயப்பட வேணாம், காந்த டேப்பை எக்ஸ்ரே ஒண்ணும் பண்ணாது.

எதுல போட்டு பாக்கறது

நம்ம ஊருக்கு இதுல ஒரு அதிர்ஷ்டம், வீடியோ சிக்னல் முறையில இங்கிலாந்தும் பால் (PAL) சிஸ்டம், இந்தியாவும் பால் சிஸ்டம். இங்கிலாந்து டேப்பை வீட்டு பரண்ல கிடக்கற பழைய டெக்குலயே போட்டு பாக்கலாம். அமெரிக்க டேப்பு, ஜப்பான் டேப்பு எல்லாம் என்டிஎஸ்சிங்கற வேற முறை, அதுக்கு ரெண்டையும் ஓட்டற டெக் வேணும். புது விசிஆர் யாரும் செய்யறதில்ல, கடைசியா செஞ்சுக்கிட்டிருந்த ஜப்பானோட ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையோட நிறுத்திட்டாங்க, அதனால பழசு வாங்கி பெல்ட்டு, பிஞ்ச் ரோலர் மாத்தி வச்சுக்கணும். சென்னையில ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் அந்த காலத்து மெக்கானிக் யாராவது அகப்பட்டா விட்டுறாதீங்க. ஹெட் க்ளீன் பண்ண காது குடையற பட்ஸ் எடுக்காதீங்க, பஞ்சு இழை ஹெட்ல மாட்டிக்கும், நூல் பிரியாத துணியில ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ட்ரம்மை கையால மெதுவா சுத்தி துடைங்க, மேலயும் கீழயும் தேய்க்கவே கூடாது.

டிஸ்க்னா ரீஜியன் தொல்லை, ஒரு பகுதிக்குன்னு பூட்டின டிஸ்க் வேற பகுதி ப்ளேயர்ல ஓடாது. டிவிடில இந்தியா 5, இங்கிலாந்து 2, அமெரிக்கா 1. ப்ளூரேல இந்தியா சி, இங்கிலாந்து பி, அமெரிக்கா ஏ. மல்டி ரீஜியன் ப்ளேயர் வாங்கிக்கோங்க, இல்லேன்னா கம்ப்யூட்டர்லயே டிரைவ் போட்டு மேக்எம்கேவிங்கற சாஃப்ட்வேர் வச்சு பாருங்க, அதுல ட்ரெய்லர் தனி டைட்டிலா தெரியும், சின்ன நீளமா இருக்கறதை மட்டும் தரம் குறையாம எடுத்துக்கலாம்.

கம்ப்யூட்டர்ல ஏத்தறது

டேப்பு நாளுக்கு நாள் தேயற சாமான். அபூர்வமானதை பத்து தடவை போட்டு ரசிக்காதீங்க, ஒரு தடவை ஒழுங்கா ஏத்திட்டு அலமாரியில வைங்க. எஸ்-வீடியோ அவுட்புட் இருக்கற நல்ல டெக், அதுக்கப்புறம் டிபிசின்னு சொல்ற டைம் பேஸ் கரெக்டர், அதுக்கப்புறம் கேப்சர் கார்டு. டிபிசி எதுக்குன்னா ஆட்டம், வளைவு எல்லாத்தையும் சரி பண்ணும், டேப்புல மேக்ரோவிஷன்ங்கற காப்பி தடுப்பு பூட்டு இருந்தாலும் படம் வெளுக்கறதும் இருட்டறதுமா பம்ப் ஆகாம காப்பாத்தும். மேக்ரோவிஷன் வந்ததே 1985 வாக்குலதான், அதனால ப்ரீ-செர்ட் டேப்புல அந்த தொல்லை இருக்காது. 720-க்கு 576 அளவுல, எஃப்எஃப்வி1 மாதிரி தரம் போகாத கோடெக்ல எடுங்க, மணிக்கு சுமார் 30 ஜிபி ஆகும், ட்ரெய்லர் ரெண்டு மூணு நிமிஷம்தானே, பயப்பட ஒண்ணுமில்ல. முன்னூறு ரூபா யூஎஸ்பி குச்சியில எடுத்தா ஃப்ரேம் விழும், நாம ஃப்ரேம் எண்ணற ஆளுங்க, அது ஒத்துவராது.

டேப்பு வீடியோவுல ஒரு ஃப்ரேமை ஃபீல்டுன்னு ரெண்டு பாதியா வரி வரியா பிரிச்சு வச்சிருப்பாங்க, அதை ஒண்ணாக்கற டீஇண்டர்லேஸை எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு போடறாங்க, அது வேணாம். பால் டேப்புல ஃபிலிமோட ஒரு ஃப்ரேம் அப்படியே வீடியோவோட ஒரு ஃப்ரேமா உக்காந்திருக்கும், ரெண்டு ஃபீல்டும் ஒரே படம். சரியா ஜோடி சேத்தாலே சுத்தமா வரும், டீஇண்டர்லேஸ் போட்டா சும்மா கிடந்த கூர்மையை நாமளே கெடுத்துக்கறோம்.

நேரக் கணக்குல ஏமாறாதீங்க. ஃபிலிம் செகண்டுக்கு 24 ஃப்ரேம், பால் 25, அதனால பால் டேப்புல எல்லாமே 4 சதவீதம் வேகமா ஓடும், குரலும் லேசா கீச்சுன்னு ஏறும். அமெரிக்க டிஸ்க்ல 150 செகண்ட் ஓடற ட்ரெய்லர் இங்கிலாந்து டேப்புல 144 செகண்ட்தான் வரும். ஆறு செகண்டை சென்சார் வெட்டிட்டான்னு குதிக்கறதுக்கு முன்னாடி ரெண்டுலயும் ஃப்ரேமை எண்ணுங்க. ஃப்ரேம் சமமா இருந்தா வெட்டே இல்ல.

நிஜமாவே வித்தியாசம் இருக்கற கேஸும் வரும். ட்ரெய்லர் வெட்டறப்ப பெரும்பாலும் படமே முழுசா முடிஞ்சிருக்காது, இசை சேத்திருக்க மாட்டாங்க, அதனால ஏதோ லைப்ரரி இசையை போட்டிருப்பாங்க, படத்துல இல்லாத டேக், வேற கோணம் எல்லாம் ட்ரெய்லர்ல மாட்டிக்கும். இதைத் தேடித்தான் முக்காவாசி பேர் இந்த ஹாபிக்குள்ளயே வராங்க. படத்தையும் ட்ரெய்லரையும் பக்கத்துல பக்கத்துல ஓட விட்டு ஷாட் ஷாட்டா ஒப்பிட்டு பாருங்க, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் போறதே தெரியாது.

கணக்கு எழுதறது

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். பிரிட்டிஷ் பேரு, அமெரிக்க பேரு, ட்ரெய்லர்ல எந்த பேரு வருது, சர்டிபிகேட் கார்டு இருக்கா, இருந்தா எது, கடைசில எந்த டிஸ்ட்ரிப்யூட்டர், மொத்தம் எத்தனை ஃப்ரேம், கலர் எப்படி, படத்தோட அகலம் எப்படி, எந்த டேப்பு அல்லது டிஸ்க்லேருந்து எடுத்தது, அதோட கேட்டலாக் நம்பர். முதல் ஃப்ரேமையும் கடைசி ஃப்ரேமையும் போட்டோவா சேமிச்சு அதே பேர்ல வைங்க, பின்னாடி வேற காப்பி கிடைச்சா ரெண்டும் ஒண்ணா வேறயான்னு அரை நிமிஷத்துல தெரியும். சந்தேகமா இருந்தா வருஷத்தை காலியா விடுங்க, ஊகத்தை எழுதினா அதை யாராவது காப்பி அடிச்சு ஊர் பூரா பரப்பிருவாங்க. காப்பிரைட் இன்னும் உசுரோட இருக்கற சரக்கு இது, ஏத்தினதை வீட்டுல பாருங்க, டிஸ்க்கு அடிச்சு விக்கற வேலைக்கு போகாதீங்க.

எதுல ஆரம்பிக்கறதுன்னு கேட்டா, கர்ஸ் ஆஃப் ஃப்ராங்கன்ஸ்டைன், 1958 ட்ராகுலா, ட்ராகுலா பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ் கூட ஜாம்பீஸ் ஜோடி, டேல்ஸ் ஃப்ரம் தி க்ரிப்ட், விட்ச்ஃபைண்டர் ஜெனரல். அஞ்சுக்கும் முதல்ல அமெரிக்க ட்ரெய்லரை டிஸ்க்ல வாங்கிருங்க, அது சுலபம். அப்புறம் ஈபேயோட இங்கிலாந்து பக்கத்துல ஒவ்வொண்ணுக்கும் ஒரு சேவ்டு சர்ச் போட்டு வைங்க, லண்டன்லயோ லெஸ்டர்லயோ சொந்தக்காரங்க இருந்தா சேரிட்டி ஷாப் பக்கம் போறப்ப பழைய டேப்பு அலமாரியை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, ஒவ்வொரு டேப்பா தனித்தனியா வரவழைக்காம அவங்க வீட்டுலயே சேத்து வச்சு யாராவது ஊருக்கு வரப்ப மொத்தமா குடுத்து விடச் சொல்லுங்க, தபால் செலவுதான் டேப்பு விலையை விட அதிகமா வரும்.